அப்பா எடுத்த அட்டை

எங்கள் வீட்டில் மூன்று கெட்ட வார்த்தைகள் உண்டு. இரண்டு, எல்லா வீடுகளிலும் கெட்ட வார்த்தைகள்தான். அவற்றை எழுதினால் இந்த வயதிலும் அம்மாவிடம் அடி விழும். மூன்றாவது, 'பயம்'. அதைச் சொல்லிவிட்டால் போதும், அம்மா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவிசுவாசமாகப் பேசாதே, வாய் என்ன சொல்கிறதோ அதுதான் நடக்கும் என்பார். காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்று சொல்லக் கூடாது. சுகமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது உதறல் எடுத்தால் அதை வயிற்றோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை என் தம்பி குளியலறைக்குள் பாம்பைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தான். வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றான். எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உள்ள ஒண்ணு இருக்குதும்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். வந்தது சாரைப்பாம்பு என்பதால் பிழைத்தோம்.

இப்படிப்பட்ட அம்மாவுக்குக் கர்த்தர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கணவர் எங்கள் அப்பா. போன் அடித்தால் அப்பா முதலில் சுவரில் சாய்ந்துகொள்வார், பிறகுதான் எடுப்பார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கூரையைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், மறுபடியும் கூரையைப் பார்ப்பார். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அதற்குள் அவர் மனசுக்குள் எங்களைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, வீட்டுக்கும் கூட்டி வந்திருப்பார். ஆனால் எதையும் சொல்ல மாட்டார். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அம்மாவைப் பார்த்ததும் விழுங்கிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். அன்றைய நிலவரம் என்னவென்று தெரிய வேண்டுமானால் அப்பா எத்தனை டம்ளர் குடித்தார் என்று பார்த்தால் போதும்.

அப்பா முன்பெல்லாம் இப்படி இல்லை. அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு டெம்போவில் காய்கறி ஏற்றிக்கொண்டு போவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் சீட்டியடிப்பார். சபையில் பாடுகிற பாட்டையெல்லாம் சீட்டியிலேயே அடிப்பார். தெருமுனையில் சீட்டிச் சத்தம் கேட்டால் நானும் தம்பியும் ஓடிப்போய் டெம்போவில் தொற்றிக்கொள்வோம். ஒரு மழை நாளில் மண்டிக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்று, பின்னால் வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு. சாலை முழுக்கத் தக்காளி. அவ்வளவுதான். அந்தச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தபோது கை நடுங்கியது. பிறகு வண்டிப் பக்கமே போகவில்லை. பஞ்சாலை கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார்.

கேட்டவர்களுக்கு, கண் சரியாகத் தெரிவதில்லை என்று காரணம் சொன்னார். தம்பியின் தலையில் ஊர்கிற பேனைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண் அது. பஞ்சாலைக்கு வந்து போகும் வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுவதுதான் அவருக்கு வேலை. அதற்காகக் கொடுத்திருந்த பேனா எப்போதும் ஒழுகும். காக்கிச் சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ப்பார். கறை இன்னும் கொஞ்சம் பரவும். சீட்டி மட்டும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இனி டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற வீடுகளில் வாக்குத்தத்த அட்டை என்று ஒன்று இருக்கும். தீப்பெட்டி அளவு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒன்று எடுத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். அன்றைக்குக் கர்த்தர் நமக்குச் சொல்கிற வார்த்தை அதுதான். எடுத்ததைத் திருப்பிப் போடக் கூடாது, இன்னொன்று கேட்கக் கூடாது. முதலில் அட்டைகள் திறந்த பெட்டியில்தான் இருந்தன. தம்பி நல்ல வசனமாகப் பார்த்து உருவுகிறான் என்று தெரிந்ததும் அம்மா அவற்றை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்கு மாற்றி, பிளாஸ்டிக் மூடியில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டார். அந்த ஓட்டை அம்மாவின் கை அளவு. அப்பாவின் கை சிக்கிச் சிக்கித்தான் உள்ளே போகும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த மே மாதம். சண்டே கிளாஸ் பிள்ளைகளைக் கோத்தகிரிக்குப் பிக்னிக் கூட்டிப்போவதாகச் சபையில் அறிவித்தார்கள். எங்கள் சபை சின்னது. பிள்ளைகள், தாய்மார்கள் எல்லாரும் சேர்ந்தாலும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவோம். வேன் வைத்திருந்த ஒரு மாமா சபையிலேயே இருந்தார். சொந்த மாமா அல்ல, சபையில் எல்லாருமே மாமாதான். மூன்று வாரமாக எங்கள் கனவிலெல்லாம் கோத்தகிரி. குளிருமா, ஸ்வெட்டர் வேண்டுமா, குரங்கு கடிக்குமா என்று பேசிப் பேசியே பாதி பிக்னிக்கை முடித்துவிட்டோம்.

சனிக்கிழமை பிக்னிக். வியாழக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேன் ஓட்டுகிற அண்ணனுக்கு மஞ்சள் காமாலையாம். வேன்கார மாமாவுக்கு வேன் வாங்கத் தெரியுமே தவிர ஓட்டத் தெரியாது. சனிக்கிழமை பெரிய முகூர்த்தம். கோயமுத்தூர் வரைக்கும் கேட்டுப் பார்த்தாயிற்று, எல்லா டிரைவரும் கல்யாண வண்டிக்குப் போய்விட்டார்கள். பாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, அப்பா ஓட்டினால் பிக்னிக் உண்டு, இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். நன்றாக ஓட்டினால் அந்த வேனை அப்பாவிடமே நிரந்தரமாக விட்டுவிட வேன்கார மாமாவுக்கு எண்ணம் இருக்கிறது என்பதையும் சொன்னார்.

அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். மூன்றாவதுக்கு எழுந்தபோது அம்மா பதில் சொல்லிவிட்டார்.

"ஓட்டுவாருங்க. கர்த்தர் கூட இருக்கறாரு, பொறவென்னங்க."

அப்பா மூன்றாவது டம்ளரை மொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டுப் போனார். தம்பி வீட்டைச் சுற்றி மூன்று முறை ஓடினான். நானும் ஓடியிருக்க வேண்டியவள்தான். ஆனால் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டேன். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் துணி எடுக்கப் போனேன். அங்கே அப்பா துவைக்கிற கல்லின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி ஒன்றுமில்லாததைப் பிடித்திருந்தன. இடது கை இறங்கி கியர் போட்டது. கால் தரையை அழுத்தியது. கை வலப்பக்கம் முழுக்கச் சுற்றியது, மெதுவாகத் திரும்பி வந்தது. அவர் மலை ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கோழி ஒன்று எதிரில் வந்தபோது நிஜமாகவே பிரேக் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே, ஏனென்று தெரியாமல் அழுகையும் வந்தது. சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன். பிக்னிக் நடக்காவிட்டால்கூடப் போகட்டும், அப்பா மறுபடி வண்டி ஓட்ட வேண்டும், மறுபடி சீட்டியடிக்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாளைக் காலையில் அப்பா டப்பாவுக்குள் கையை விடுவார். அந்தக் கையில் 'பயம்' என்கிற சொல் மட்டும் வந்துவிடக் கூடாது. அம்மாவின் சட்டப்படி அந்தச் சொல் காதில் விழுந்தாலே ஆபத்து. அதுவும் அப்பாவே தன் வாயால் வாசித்தால் வண்டி எந்தப் பள்ளத்துக்குப் போகுமோ? அம்மா பக்கத்து வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைப் பாயில் கொட்டினேன்.

கொட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வேதத்தில் கர்த்தர் வேறு வேலையே இல்லாமல் ஆளாளுக்குப் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபிரகாமுக்குச் சொல்கிறார், யோசுவாவுக்குச் சொல்கிறார், மேய்ப்பர்களுக்குச் சொல்கிறார், கடலில் படகு விடுகிறவர்களுக்கும் சொல்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். கலங்காதே, திகையாதே என்று இருந்தவற்றையும் சந்தேகத்தின் பேரில் எடுத்தேன். கடைசியில் பார்த்தால் டப்பாவில் பாதிக்குமேல் காலி. இவ்வளவு பேர் பயந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. டப்பா லேசாகிவிட்டதே, அம்மா தூக்கினால் தெரிந்துவிடுமே என்பதுதான் கவலை.

அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. இரண்டை எடுத்து அட்டை அளவுக்கு வெட்டி, டப்பாவின் அடியில் கனத்துக்குப் போட்டேன். அதன்மேல் நல்ல வசனங்களைப் பரப்பினேன். ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்தேன். எடுத்து வைத்த அட்டைகளை என் பள்ளிக்கூடப் பைக்குள் மறைத்தேன். வேதத்திலேயே கைவைத்துவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தியது. கர்த்தரே, நாளைக்கு ஒரு நாள் மட்டும், திங்கட்கிழமை எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. அம்மா தக்காளி சாதம் கிளறி வாளியில் போட்டு வைத்திருந்தார். அப்பா கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைக் கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தார். வேன் வாசலில் நின்றது. ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அம்மா நீண்ட ஜெபம் செய்தார்; வேனின் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக ஆசீர்வாதம் கேட்டார். பிறகு டப்பா வந்தது.

முதலில் அம்மா எடுத்தார். கர்த்தர் நம்முடைய போக்கையும் வரத்தையும் காப்பார் என்பதுபோல ஒரு வசனம். அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் எடுத்தேன், அதுவும் நல்லதாகவே வந்தது, வராமல் என்ன செய்யும். அடுத்து தம்பி. அவனுக்கு எப்போதும் அடியில் இருப்பதுதான் வேண்டும், முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினான். எடுத்து, எழுத்துக்கூட்டி, பயபக்தியோடு வாசித்தான்.

"தங்கள் நல்வரவை விரும்பும் மாமன்மார்கள்."

அம்மா அந்தத் துண்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜெப நேரத்தில் அடிக்கக் கூடாது என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம்தான், அதனால் நான் தப்பித்தேன். அப்பாவின் பக்கமிருந்து ஏதோ சத்தம் வந்தது. பார்த்தால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா டப்பாவில் கையை விட்டார். கை உள்ளே போகவில்லை. விரல்களை இறுக்கி மூடி வைத்திருந்தார். அப்படியும் இப்படியும் திருகித்தான் உள்ளே நுழைத்தார். நடுக்கத்தை மறைக்கிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது. கை வெளியே வந்தது. அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் மடிந்து, முனையில் நீலம் பாய்ந்து, துவண்டுபோயிருந்தது அந்த அட்டை. ஆனால் என் கண்ணுக்கு அதிலிருந்த ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது.

அப்பா நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

மற்ற அட்டைகளில் எல்லாம் பயப்படாதே என்றாவது இருந்தது. இதில் பயப்படுகிறேன் என்றே இருக்கிறது. அதையும் அப்பா தன் வாயால் சொல்லிவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவிசுவாசமாகப் பேசாதீர்கள் என்று சொல்ல அம்மாவின் வாய் திறந்தது. ஆனால் பேசியது அப்பா இல்லை, வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகம். வேதத்தை எப்படி அதட்டுவது? திறந்த வாயை அம்மா மூடிக்கொண்டார். பிறகு, "ஆமென்" என்றார், மிகவும் மெல்ல. நானும் தம்பியும் ஆமென் என்றோம். அப்பா அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அன்று காலை அவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். எல்லாம் கைமீறிப் போய்விட்டதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை எல்லாம் அமர்க்களமாகப் போனது. கைதட்டல், பாட்டு, முறுக்கு. பவானிப் பாலம் தாண்டி, பாக்குத் தோப்புகளைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் பாஸ்டர். அவர் ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு வியர்த்தது. அப்பாவுக்கு நேர் பின்னால் அம்மா, கையில் எலுமிச்சம்பழம். வாந்தி வராமலிருக்க முகர்ந்து பார்க்கக் கொண்டு வந்தது. அம்மா அதைப் பிழிந்தே விட்டிருந்தார்.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மேலிருந்து ஒரு பஸ் வளைவுக்குள் வந்துவிட்டது. அப்பா பிரேக் போட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பிறகு, எது நடந்துவிடுமோ என்று அப்பா நினைத்து நினைத்துத் தண்ணீர் குடித்தாரோ, அதுவே நடந்தது. வேன் பின்னால் நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்திருக்கும், அதற்குள் அப்பா ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். பாஸ்டர் கண்ணைத் திறந்து, கதவைத் திறந்து, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சாலையோரக் கல் ஒன்றைத் தூக்கி வந்து பின் டயருக்கு அண்டை கொடுத்தார். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவசரமில்லீங்க, நீங்க வாங்க, நான் நிக்கறேன் என்றார்.

நான் என் பள்ளிக்கூடப் பைக்குள் மறைத்து வைத்த அட்டைகளை நினைத்துக்கொண்டேன். எல்லாம் என்னால்தான். ஒன்றைத் தவறவிட்டேன், அதுவே அப்பாவின் கையில் போய் மாட்டிவிட்டது. கர்த்தரே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வேனை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேல் நடுங்கின. எல்லாருக்கும் அது தெரிந்தது. அப்பா ஒரு கையை எடுத்துச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பாமலே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சொல்லிப்போடறேனுங்க. எனக்குப் பயமா இருக்குது. ஒரு நிமிசம் குடுங்க, ஓட்டிப்போடுவேன்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு வெளிச்சம் அதுவரை கிடைத்ததில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். பிழிந்த எலுமிச்சம்பழத்தோடு அம்மா முன்னால் குனிந்தார்.

"எனக்குந்தானுங்க" என்றார். "அன்னூர்ல வண்டியேறுனதுல இருந்தே."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அம்மாவின் வாயிலிருந்து அவர் கேட்டிராத பேச்சு அது. வெளியே கல்லின் பக்கத்தில் நின்றிருந்த பாஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அப்படியானால் தான் இந்த ஒரு வளைவை மட்டும் நடந்தே வந்துவிடட்டுமா என்று கேட்டார். வேன் முழுவதும் வெடித்துச் சிரித்தது. பின் சீட்டிலிருந்த சண்டே கிளாஸ் டீச்சர், தனக்கு மேட்டுப்பாளையத்திலிருந்தே கால் இரண்டும் இல்லை என்றார். தம்பி எழுந்து நின்று, குளியலறையில் பாம்பைப் பார்த்த அன்று தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டான். ஆளாளுக்கு அவரவர் பயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த வளைவில் நாங்கள் சிரித்த சிரிப்பில், இறங்கி வர வேண்டிய பஸ்ஸில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அப்பா வண்டியைக் கிளப்பினார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது, அதை நான் பார்த்தேன். நடுங்குகிற கையோடேயே கியரைப் போட்டார், ஹேண்ட்பிரேக்கை மெல்ல விட்டார். வேன் கல்லை விட்டு முன்னால் நகர்ந்தது, வளைவு முழுக்கத் திரும்பியது, பஸ்ஸைக் கடந்தது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினார். பாஸ்டர் கல்லைச் சாலையை விட்டு உருட்டிவிட்டு, நிஜமாகவே நடந்து வந்து மேலே ஏறிக்கொண்டார்.

கோத்தகிரியில் அப்பா லெமன் ஸ்பூன் ஓட்டத்தில் கலந்துகொண்டு பாஸ்டரைத் தோற்கடித்தார். தம்பியின் தக்காளி சாதத்தைக் குரங்கு தட்டோடு கொண்டுபோனது. ஸ்வெட்டர் கொண்டு போயிருந்தோம், குளிரவில்லை. ஆனாலும் எல்லாரும் போட்டுக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். எனக்கு அதெல்லாம் இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. நன்றாக நினைவிருப்பது இறங்கி வந்த வழிதான். மலையெல்லாம் தாண்டி, பாக்குத் தோப்புகள் வந்த இடத்தில், ஆடிக் களைத்த பிள்ளைகள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, முன்னாலிருந்து மெல்ல ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்தால் நிறுத்திவிடுவாரோ என்றுதான்.

அடுத்த மாதத்திலிருந்து அந்த வேன் அப்பாவின் கைக்கு வந்தது. கல்லூரி, கல்யாணம், வேளாங்கண்ணி என்று போகாத இடமில்லை. போன் அடித்தால் சுவரில் சாய்வது மட்டும் இன்றைக்கும் உண்டு. ஆனால் இப்போதெல்லாம் அம்மாவே, என்னங்க, பயமா இருக்குதுங்களா என்று கேட்பார். அப்பாவும், ஆமாங்கம்மணி என்பார். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள்.

பிக்னிக் முடிந்த திங்கட்கிழமை, கர்த்தரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அட்டைகளை எல்லாம் டப்பாவில் திருப்பிப் போட்டேன், பத்திரிகைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன், அம்மாவிடம் வாங்க வேண்டியதையும் வாங்கிக்கொண்டேன். அப்பாவின் அட்டையைக் கேட்டபோது, அது மட்டும் என்னிடம் இருக்கட்டும் கண்ணு என்றார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மூன்று முறை சரிபார்த்தேனே, அது எப்படி உள்ளே வந்தது? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வேறென்ன, கர்த்தர்தான் போட்டிருக்கிறார். நான் எடுத்ததற்குப் பதிலாக அவரே ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்.

இதை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வாலிபர் கூட்டத்தில் மேடையேறி, மைக்கைப் பிடித்து, இந்த அற்புதத்தைச் சாட்சியாகவே சொன்னேன். சபையார் கைதட்டினார்கள், ஒரு வயசான ஆயா கண்ணீர் விட்டார். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "நல்லாச் சொன்ன அம்மணி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. போன வருஷம் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டத்தில் எழுந்து பேச வேண்டுமென்றால் எனக்குப் பயம். எல்லாம் தப்பாகப் போகும், எல்லாரும் சிரிப்பார்கள் என்று முந்தின நாளிலிருந்தே மனசு ஓட ஆரம்பித்துவிடும். நான் அப்பாவின் மகள்தானே. அதனால் அந்த வசனத்தை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எடுத்துப் பார்ப்பேன், லிஃப்ட்டில் எடுத்துப் பார்ப்பேன், மறுபடி மடித்து வைப்பேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை எடுத்துப் பார்க்கும்போது அட்டை நடுவில் மடிந்து, துவண்டு, முனையில் பேனா மை பாய்ந்திருந்தது.

நான் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டப்பாவுக்குள்ளேயே கிடந்த ஒரு அட்டைக்கு மடிப்பு எப்படி வரும்? பேனாவே இல்லாத கிறிஸ்துமஸ் சட்டையில் நீலம் எங்கிருந்து வரும்? நான் டப்பாவைக் கொட்டியபோது அது அதற்குள் இல்லவே இல்லை. எத்தனையோ மாதமாக அது காக்கிச் சட்டைப் பையில், ஒழுகுகிற பேனாவோடு, பஞ்சாலை கேட்டில் இருந்திருக்கிறது. வண்டிகள் உள்ளே போகவும் வெளியே வரவும் நம்பர் எழுதிக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் அப்பா அதை எடுத்து எடுத்து வாசித்திருக்கிறார்.

அன்று காலை டப்பாவுக்குள் நுழைய மாட்டேன் என்று சிக்கிக்கொண்ட கை, நடுக்கத்தை மறைக்க மூடிய கை இல்லை. அட்டை அந்தக் கைக்குள் ஏற்கெனவே இருந்தது. எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத சொல்லைச் சொல்வதற்கு அப்பா ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்து, பத்திரமாக வைத்திருந்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் வாசித்துக் காட்டினார். நாங்கள் ஆமென் என்றோம்.